கெவின் சாருக்குக் கொடுத்த உறப்பு

கோட் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை தானாக வாசலுக்கு வரும் என்று நான் நம்பினேன். சும்மா இல்லை, மனதார நம்பினேன். பெண் பார்க்க வருகிற மாதிரி கம்பெனிக்காரர்கள் வரிசையாக வருவார்கள், வீட்டில் கேசரி தயாராக இருக்க வேண்டும் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். என் மனைவி லலிதா கேசரி கிளறவில்லை. "முதல்ல அந்தக் கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க, நாறுது" என்றாள்.

கோட் சுள்ளிக்கலில் உள்ள ஒரு ஸ்டுடியோவுடையது. அங்கே போட்டோ எடுத்துக்கொள்கிற ஆண்கள் எல்லோருக்கும் அந்த ஒரே கோட்தான். முதுகுப் பக்கம் துணியே கிடையாது. கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பார்கள். முன்னால் இருந்து பார்த்தால் மேனேஜிங் டைரக்டர். பின்னால் இருந்து பார்த்தால் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற நோயாளி. என் ஆன்லைன் வேலை தேடலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் கொச்சித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கேட்டார். மட்டாஞ்சேரியில் மேலும் சில பழைய கம்பெனிகள் கதவைச் சாத்துகின்றனவாம். நம் ஆட்கள் பலர் செல்போனைத் தேய்த்துத் தேய்த்து வேலை தேடுகிறார்களாம். "இணையத்தில் பாதுகாப்பாகவும் பலன் தரும்படியும் வேலை தேடுவது எப்படி என்று ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள், உங்களுக்குத்தான் அனுபவம் உண்டு" என்றார். உண்மைதான். செய்யக்கூடாதவை அனைத்தையும் வரிசை மாறாமல் செய்தவன் என்ற முறையில் என்னைவிடத் தகுதியான ஆள் சங்கத்தில் இல்லை.

என் உத்தியோகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பிறவியிலேயே முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அதற்கு முறையான பயிற்சி தேவைப்பட்டது.

கொச்சங்காடியில் மசாலா ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் கோடவுனில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் தும்மினேன். பயிற்சி அவ்வளவுதான். தும்மல் நின்றதும் இவன் தேறிவிட்டான் என்று மாடியில் இருந்த கொள்முதல் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மேலாளர் மணிலால் பாய். குஜராத்தி. அவருடைய தாத்தாவே மட்டாஞ்சேரியில் பிறந்தவர். மலையாளத்தை குஜராத்தி மாதிரியும், தமிழை மலையாளம் மாதிரியும் பேசுவார். மேஜை இழுப்பறையில் காந்தியா என்கிற அவர்கள் ஊர்க் கடலைமாவு நொறுக்கு எப்போதும் இருக்கும். அதை யாருக்கும் மறுக்க மாட்டார். வேறு எதையும் யாருக்கும் எளிதில் கொடுக்கவும் மாட்டார், முக்கியமாக நம்பிக்கையை.

புதிய ஆள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து மிளகு இருக்கிறது என்றால் பாய் செய்கிற முதல் வேலை, போனை வைத்துவிடுவது. "அஞ்சு நிமிஷம், நான் விளிக்கறேன்" என்பார். பிறகு அந்த ஆள் தந்த எண்ணைத் தொடமாட்டார். அந்த ஊரில் தெரிந்த வேறொரு வியாபாரியைக் கூப்பிட்டு, இன்னாருடைய கடை எண் என்ன என்று கேட்டு, அந்த எண்ணில்தான் திரும்ப அழைப்பார். அழைத்ததும் மிளகைப் பற்றிப் பேசமாட்டார். "அங்கே மழை உண்டோ?" என்று கேட்பார். எனக்கு அது மரியாதைப் பேச்சு என்றே பல காலம் தோன்றியது. ஊரில் மழை பெய்கிறதா இல்லையா என்பதை முந்தின அழைப்பிலேயே அவர் தெரிந்து வைத்திருப்பார். பதில் பொருந்தவில்லை என்றால் ஆள் அந்த ஊரில் இல்லை. ஊரிலேயே இல்லாதவன் கையில் மிளகு மட்டும் எப்படி இருக்கும்?

அடுத்தது குத்தூசி. சாக்கைப் பிரிக்காமல் உள்ளே செருகிச் சரக்கை எடுக்கிற, நடுவில் குழிவிட்ட கூரான கம்பி. சாக்கின் மேல்பக்கம் குத்தினால் பாய்க்குக் கோபம் வரும். "சங்கரா, மேலே உள்ளது கல்யாணத்துக்கு வந்த மிளகாக்கும். நல்லா உடுத்திட்டு வந்திருக்கும். வயித்துல குத்து" என்பார். வயிற்றில் குத்தி எடுத்ததைத் தண்ணீரில் போட்டால் மிளகு மூழ்கும், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மிதக்கும். மிதந்தால் பாய் திட்டமாட்டார். கொண்டுவந்தவருக்குக் காந்தியா கொடுத்து அனுப்பிவிடுவார்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் 'உறப்பு'. பேச்சு முடிந்து விலை உறுதியானதும் சொல்கிற வார்த்தை அது. உறப்பு என்று வாயால் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. காகிதமெல்லாம் பின்னால் சாவகாசமாக வரும். உறப்பு சொன்னபின் விலை ஏறினாலும் இறங்கினாலும் பின்வாங்கல் கிடையாது. விலக வேண்டுமென்றால் எதிர்த் தரப்பை நேரில் கேட்க வேண்டும். அவர் 'விட்டு' என்று சொன்னால்தான் கட்டு அவிழும். அதுவரை அந்தச் சரக்கை வேறு யாரிடமும் பேசக்கூட மாட்டார்கள்.

ஒரு முறை மலைப்பக்கத்துத் தோட்டக்காரர் ஔசேப்பு என்பவர் சாயங்காலம் உறப்பு சொன்னார். விடிந்தால் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அதே மிளகுக்கு இன்னொருவர் அவரிடம் அதிக விலை சொல்லியிருக்கிறார். ஔசேப்பு போனில் சொல்லித் தப்பித்திருக்கலாம். போனை எடுக்காமலே இருந்திருக்கலாம். அவர் பஸ் பிடித்து மட்டாஞ்சேரிக்கு வந்தார். வியர்த்துப் போய் எதிரில் உட்கார்ந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசியிருப்பதாகச் சொன்னார். மேஜையைப் பார்த்தபடி, விட்டுத் தர முடியுமா என்று கேட்டார். எங்களுக்கும் அந்தச் சரக்கு அவசரமாக வேண்டும். கப்பல் காத்திருந்தது, முதலாளி கீழே இருந்து ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த விலைக்கு வேறு எங்கும் மிளகு கிடைக்காது. பாய் இழுப்பறையைத் திறந்தார். காந்தியாத் தட்டை ஔசேப்பு பக்கம் நகர்த்தினார். அவர் தின்று முடிக்கும் வரை ஜன்னலுக்கு வெளியே காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "விட்டு" என்றார். அவ்வளவுதான். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்தக் காட்சியில் நான் சொக்கிப்போனேன். அதற்கப்புறம் ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், மட்டாஞ்சேரிக்காரன் வார்த்தை என்றால் வார்த்தை என்று சொல்லித் திரிந்தேன். லலிதா சோறு போடும்போதெல்லாம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறாள். குத்தூசியும் மழையும்கூட அந்தக் கதைகளில் இருந்தன. ஆனால் அவை எனக்குக் கொஞ்சம் சலிப்பான பகுதிகள். சினிமாவில் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்கிற ரசிகனைப் போல நான் உறப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பாய் ஓய்வு பெற்று ராஜ்கோட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். சில வருடங்களில் எங்கள் கம்பெனியும் மட்டாஞ்சேரி அலுவலகத்தை மூடிவிட்டது. கொள்முதல் எல்லாம் கம்ப்யூட்டரில், வேறு ஊரில். விருப்ப ஓய்வு என்று ஒன்று கொடுத்தார்கள். யாருடைய விருப்பம் என்று குறிப்பிடவில்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. வீட்டில் வருமானம் என்றால் லலிதா பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் மட்டும்தான்.

நான் பதறவில்லை. விடிந்ததும் எழுந்து எல்லா வேலை இணையதளங்களிலும் பெயரைப் பதிந்து, சாப்பிடாமல் குளிக்காமல், கண்ணில் பட்ட எல்லா வேலைக்கும் விண்ணப்பித்தேன். இதைப் பதற்றம் என்று லலிதா சொன்னாள். நான் உழைப்பு என்றேன். ஒரே பயோடேட்டாவை எல்லோருக்கும் அனுப்பினேன். அதில் என் உயரம், எடை, நட்சத்திரம், அப்பாவின் பெயர், வீட்டு விலாசம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் வரை இருந்தன. சம்பளம் போடும்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். மிளகைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்து, பிரசவ வார்டில் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார்கள். நான் அங்கே பிறந்த அனுபவம்தான் என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். கப்பல் இன்ஜினியர் வேலைக்கும் அழைத்தார்கள். வைப்பின் தீவுக்குப் படகில் போகும்போதே எனக்குத் தலைசுற்றும் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

இந்தக் குப்பையில் தவறிப்போய் ஒரு நல்ல விண்ணப்பமும் இருந்திருக்கிறது. தோப்பும்படியில் மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் குளிர்பதனக் கிடங்குக்கு மேற்பார்வையாளர் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நேரில் கூப்பிட்டார்கள். அலுவலகம் இருந்தது, நாற்காலி இருந்தது, மீன் நாற்றமும் இருந்தது. ஷைனி மேடம் என்ற பெண் அதிகாரி சரக்கு வரவு, இருப்பு, கழிவு பற்றி விவரமாகக் கேள்வி கேட்டு என்னைப் பிழிந்து எடுத்தார். பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு கேள்வி கேட்கிறவர்களுக்கு நம்மேல் மரியாதை இல்லை என்று முடிவு செய்தேன்.

மரியாதை தெரிந்த மனிதர் கெவின் சார்தான். வாட்ஸாப்பில் வந்தார். படத்தில் வெள்ளைக்காரர், அதைவிட வெள்ளையான பற்கள். துபாயில் ஒரு பெரிய கம்பெனி, அதன் மசாலாப் பிரிவுக்கு ஜெனரல் மேனேஜர் தேவை, என் பயோடேட்டாவைப் பார்த்து இயக்குநர் குழுவே அசந்துவிட்டது என்று எழுதினார். அந்தக் கோட்டை நினைத்துப் பெருமைப்பட்டேன். நேர்காணல் முழுக்க எழுத்திலேயே நடந்தது. நீங்கள் கடின உழைப்பாளியா என்று கேட்டார். ஆம் என்றேன். நேர்மையானவரா என்று கேட்டார். அதற்கும் ஆம் என்றேன். தேர்வாகிவிட்டேன். ஒரு சாக்கு மிளகு வாங்க பாய் எடுத்துக்கொள்கிற நேரத்தில் கெவின் சார் என்னைப் போல பத்து ஜெனரல் மேனேஜர்களை வாங்கியிருப்பார்.

நியமனக் கடிதம் வந்தது. மூன்று நிறத்தில் மூன்று முத்திரை. அனுப்பிய மின்னஞ்சல் முகவரி யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்கிற வகை. பெரிய கம்பெனிக்காரர்கள் சிக்கனமாகத்தான் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். சம்மதமா என்று கெவின் சார் கேட்டார். நான் கட்டைவிரலால் தட்டினேன்: உறப்பு. அது என்ன என்று அவர் கேட்கவில்லை. அவரும் "உறப்பு சார்" என்றே பதில் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரனாக இருந்தாலும் வியாபார தர்மம் தெரிகிறதே.

நம் ஊரில் ஒருவன் வளைகுடாவுக்குப் போகிறான் என்றால் அவன் போவதற்கு முன்னால் மற்றவர்களின் பொட்டலங்கள் புறப்பட்டுவிடும். தெருவில் செய்தி பரவிய மறுநாளே பக்கத்து வீட்டு மேரி சேச்சி துபாயில் இருக்கும் தன் மகனுக்கு என்று நேந்திரங்காய் வறுவலான உப்பேரியும் மாங்காய் அச்சாரும் கொண்டுவந்தார். ஒருவர் மூட்டுவலித் தைலம். இன்னொருவர் முறுக்கு, கூடவே மருமகளுக்கு ஒரு ஜாக்கெட், அளவு சரியில்லை என்றால் அங்கேயே பிரித்துத் தைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டுமாம். எங்கள் முன்னறை சிறிய கார்கோ அலுவலகமானது. நான் நடுவில் உட்கார்ந்து, துபாயின் சீதோஷ்ணம் பற்றி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான், ஒரு வியாழக்கிழமை, ஷைனி மேடம் அழைத்தார். என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்றார்.

மன்னிக்கவும், துபாய்க்கு வார்த்தை கொடுத்துவிட்டேன் என்றேன்.

"ஓ. விசா வந்நோ சாரே?"

"இல்லை."

"டிக்கெட்?"

"இல்லை மேடம். வாக்கு கொடுத்திருக்கு."

மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், சனிக்கிழமை காலை வரை வேறு யாரையும் எடுக்காமல் வைக்கிறேன், மனம் மாறினால் அழையுங்கள் என்றார். பட்டியலில் அடுத்த ஆளும் காத்திருக்கிறார் என்பதையும் சொன்னார். எத்தனை நாகரிகமான பெண் என்று லலிதாவிடம் வியந்தேன். லலிதா பொட்டலங்களுக்கு நடுவில் காலை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"கையில உள்ள வேலையை வேண்டாம்னு சொன்னீங்களா?"

"உறப்பு சொல்லியாச்சு லலிதா."

"யாருகிட்ட?"

"கெவின் சார்கிட்ட."

"அந்தாளு யாரு? குரலாவது கேட்டிருக்கீங்களா?"

அன்று சாயங்காலமே கெவின் சார் தன் பங்குக்கு எழுதினார். விசாவுக்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும், சேர்ந்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டை அசலாகவே கூரியரில் அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கைச் சரிபார்க்க என் போனுக்கு ஓர் எண் வரும், அதைப் படித்துச் சொல்ல வேண்டும். எண் வந்தும் விட்டது. யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே எழுதியிருந்தது. கெவின் சார் யாரோவா என்று யோசித்தேன். கட்டைவிரல் தயாராக இருந்தது. லலிதா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் கத்தவில்லை. "ஒரு சாக்கு மிளகை வாங்க உங்க பாய் என்னல்லாம் செய்வாருன்னு இருபது வருஷமா சொல்லிருக்கீங்க. கட்டின புருஷனை அனுப்பறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியை ஒரு குத்து குத்திப் பாக்கக்கூடாதா?" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தாள். கடிதத்தில் இருந்த எண்ணைத் தொடவில்லை. அந்தக் கம்பெனியின் பெயரைத் தேடி, அதன் சொந்த இணையதளத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்த எண்ணை அழைத்தாள். நான் பக்கத்தில் நின்று, கெவின் சாருக்குத் தெரிந்தால் மனம் நோவார் என்று முனகினேன். எடுத்தது திருச்சூர்க்காரப் பெண். லலிதா முதலில் என்ன கேட்டாள் என்று நினைக்கிறீர்கள்?

"அங்கே மழை உண்டோ மோளே?"

"மழையா? சேச்சி, இது துபாயாணு. வெளியில் இறங்ஙான் பற்றில்லா, அத்ர சூடு."

வெளியே இறங்கவே முடியாத சூடாம். மசாலாப் பிரிவு பற்றிக் கேட்டபோது அந்தப் பெண் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்கும் கேட்டது. அவர்கள் விற்பது லிஃப்ட். மேலும் கீழும் போகிற லிஃப்ட். மிளகு சமையலறையில் மட்டும் இருக்கும் என்றாள். கெவின் என்று யாரும் இல்லை. இதேபோல் அடிக்கடி அழைப்பு வருகிறது, சிலர் பணம் கட்டியபிறகு அழைக்கிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்றாள்.

அப்போதுதான் நான் நிஜமாகப் பதறினேன். ஆதார் நகலையும் பாஸ்போர்ட் நகலையும் ஏற்கெனவே அனுப்பியிருந்தேனே. கெவின் என் பெயரில் துபாயில் யாரையாவது கொலை செய்துவிடுவான், போலீஸ் என் கோட் போட்டோவை ஒட்டித் தேடும் என்று தோன்றியது. போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி அரிசி டப்பாவில் புதைத்தேன். லலிதா அதைத் தோண்டி எடுத்து, துடைத்து, போனில் போட்டு, என்னை வங்கிக்கு இழுத்துப் போனாள். கடவுச்சொற்களை மாற்றினோம், கணக்கைக் கவனிக்கச் சொன்னோம், சைபர் போலீஸுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். இதெல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்தது.

"செரி. இப்ப ஷைனி மேடத்தைக் கூப்பிடுங்க" என்றாள் லலிதா.

இங்கேதான் செயலாளர் கேட்ட அனுபவம் வருகிறது. நான் கூப்பிடவில்லை. கெவின் 'விட்டு' சொல்லவில்லையே.

சிரிக்காதீர்கள். அன்று எனக்கு அது வேடிக்கையாக இல்லை. எதிர்த் தரப்பு திருடன் என்று அரைமனதாகத் தெரிந்தாலும், நேரில் கேட்காமல் கட்டை அறுத்துக்கொண்டு வேறு இடத்தில் பேசுவது எங்கள் தொழிலில் இல்லை. லிஃப்ட் கம்பெனிக்கு அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வேறு கிளை இருக்கலாம் என்றும் ஒரு மூலையில் தோன்றியது. ஜெனரல் மேனேஜர் பதவி அவ்வளவு சீக்கிரம் உடம்பை விட்டு இறங்குவதில்லை. ஔசேப்பு பஸ் ஏறி வந்தார், நான் ஒரு போன்கூடப் பண்ணாமல் ஓடுவதா? லலிதாவிடம் இதைச் சொன்னேன். அவள் டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று உள்ளே போய்விட்டாள்.

நான் கெவினுக்கு எழுதினேன். ஐயா, வீட்டுச் சூழ்நிலை காரணமாக விலக விரும்புகிறேன், தயவுசெய்து விட்டுத் தரவும். பதில் இல்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, வேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேரி சேச்சி கடந்துபோகும்போது எப்போது விமானம் என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். மத்தியானம் நானே அவனுடைய எண்ணை அழைத்தேன். முதல் முறையாகக் குரல் கேட்டது.

வெள்ளைக்காரர் சுத்தமான தமிழில் பேசினார்.

"சொல்லுங்கண்ணே."

துபாய்த் தலைமை அலுவலகத்தில் குக்கர் விசில் அடித்தது. "தம்பி, நான் வரலை. விட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு" என்றேன்.

"அதெப்படிண்ணே? வார்த்தை குடுத்தீங்கல்ல. உங்களை நம்பி எல்லாம் ரெடி பண்ணியாச்சு. கேன்சல் பண்றதுக்குத் தனியா சார்ஜ் இருக்கு, அதைப் போட்டுவிடுங்க, விட்டுடறேன்."

வெட்கத்தோடு சொல்கிறேன், அது எவ்வளவு என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். லலிதா உள்ளேயிருந்து வந்து போனை வாங்கினாள். குரலில் அப்படி ஓர் அன்பு.

"தம்பி, சாப்டாச்சா? அங்கே மழை உண்டோ?"

"அதை ஏன் கேக்கறீங்கக்கா. காலையிலேர்ந்து விடாம கொட்டுது" என்றான் கெவின்.

லலிதா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான்தான் துண்டித்தேன்.

உடனே ஷைனி மேடத்தை அழைத்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், எனக்கு அவசரமில்லை.

பொட்டலங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாசலிலும் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டுக்குள் எனக்கே அது நல்ல நகைச்சுவையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டுரையின் பல வரிகள் அப்போது உருவானவைதான். மேரி சேச்சி மட்டும் சிரிக்கவில்லை. அச்சார் பாட்டிலை வாங்கி மூடியைச் சரிபார்த்துவிட்டு, "இது திரும்பி வர்றது முதல் தடவையொண்ணும் இல்லே சங்கரா. போன வருஷம் கொண்டுபோறேன்னு வாங்கின பையன் பணமும் கட்டிட்டான். நீ தப்பிச்சே" என்றார். யார் அந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச மாதங்கள் வேலை இல்லை. லலிதா கூடுதலாக ஒரு பிரிவு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். நான் சாயா போட்டுக் கொடுத்தேன், நன்றாகவே போட்டேன். பயோடேட்டாவை அவள் சிவப்புப் பேனாவால் திருத்தினாள், கணக்கு நோட்டைப் போல. நட்சத்திரம், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் போயின. ஒரே பக்கம். கடைசி வரியில் கிடந்த மிளகு முதல் வரிக்கு வந்தது: சரக்கை வாங்கத் தெரியும், சோதிக்கத் தெரியும், இருப்பு வைக்கத் தெரியும். கோட் இல்லாமல் வேறு போட்டோ. வேலைக்கென்றே தனி மின்னஞ்சல். எனக்குத் தெரிந்த வேலைக்கு மட்டும் விண்ணப்பம், அதுவும் விளம்பரம் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, வேறு வழியில் எண்ணைக் கண்டுபிடித்து ஒரு முறை பேசிய பிறகு. யார் வேலை தர என்னிடம் பணம் கேட்டாலும் மனதுக்குள் காந்தியா கொடுத்து அனுப்பிவிட்டேன். பழைய சகாக்கள் எல்லோரிடமும் வேலை தேடுகிறேன் என்று வெட்கமில்லாமல் சொல்லி வைத்தேன். விண்ணப்பங்கள் குறைந்தன, வந்த அழைப்புகள் உருப்படியாக இருந்தன. பிரசவ வார்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

போர்ட் கொச்சியில் ஒரு சிறிய ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. தோப்பும்படியில் பேசிய சம்பளத்தைவிடக் குறைவு. என்னைவிட மிகவும் இளையவர்தான் மேலாளர். நேர்காணலில் அவர் நிறையக் கேள்வி கேட்டார், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வேலை தருகிறோம் என்றதும், எழுத்தில் தாருங்கள், படித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உறப்பு என்ற சொல்லை அங்கே ஒரு முறைகூட வாயில் எடுக்கவில்லை. போன மாதம் அந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றேன்.

கெவினுக்கு என்னிடமிருந்து ஒரு பைசாகூடப் போகவில்லை. என் பெயரில் துபாயில் கொலை எதுவும் நடந்ததாகத் தகவல் இல்லை. எனவே நான் ஏமாறவில்லை என்று சங்கத்தில் பலர் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

ஷைனி மேடத்தின் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அதை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டதாக அவர் போனில் சொன்னார். காலை முழுவதும் என் அழைப்புக்காகக் காத்திருந்தாராம். நான் அந்த நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு திருடன் என்னை விடுவிப்பதற்காகக் காத்திருந்தேன்.